மைன்ஸ்வீப்பர் ஆடினால் ஞாபக சக்தி வளருமா?

வீட்டுக் கம்ப்யூட்டரில் விளையாடுவது பற்றி நம்ம ஊரில் இரண்டே கட்சிதான். ஒன்று, "படிக்கிற பையனுக்கு விளையாட்டு ஒரு கேடா" கட்சி. இன்னொன்று, "அதெல்லாம் மூளைக்கு நல்லதுங்க, பேப்பர்லயே போட்டிருந்தான்" கட்சி. எங்கள் தெருவில் முதல் கட்சிக்கு ஓட்டு அதிகம். இரண்டாவது கட்சிக்குக் காசு அதிகம். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

என்னைக் கேட்டால் இரண்டு கட்சியும் தப்பு. அதிலும் இரண்டாவது கட்சிதான் ஆபத்தானது.

எந்த விளையாட்டுகள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி, கார், சண்டை எதுவும் இல்லை. சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து ஜோடி தேடுவது, விளக்குகள் மினுக்கிய வரிசையை ஞாபகம் வைத்து அதே வரிசையில் அமுக்குவது, மைன்ஸ்வீப்பர், சாலிடேர், ஃப்ரீசெல். பாட்டி கூட ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய சமாச்சாரங்கள்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த கம்ப்யூட்டர், அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கி வந்த அரசு லேப்டாப். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய திட்டம். அதில் விண்டோஸும் இருந்தது, பாஸ் என்கிற லினக்ஸும் இருந்தது. 2012ல் சென்னையைத் தவிர மற்ற ஊர்களெல்லாம் மின்வெட்டில் தவித்தது ஞாபகம் இருக்கும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இருக்காது. டிவி கிடையாது, ஃபேன் கிடையாது. பாட்டரியில் ஓடுகிற அந்த லேப்டாப் ஒன்றுதான் வீட்டில் வெளிச்சம். நெட் கனெக்‌ஷன் இல்லை, வேறு படமும் இல்லை. அப்புறம் என்ன, சாலிடேர்தான்! நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூக்கம் வராமல் கிடக்கும் அப்பா கூட ஆடுவார். அவருக்கு யாரும் மூளை வளரும் என்று சொல்லவில்லை. கை தானாக ஓடும், மனசு கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான்.

சாலிடேர் 1990ல் விண்டோஸ் 3.0 உடன் வந்தது. வெஸ் செரி என்கிற ஒரு பயிற்சி மாணவர் எழுதியது. அதற்காக அவருக்கு ராயல்டி என்று ஒரு பைசா வரவில்லை. மவுஸ் என்ற ஒன்றையே பார்த்திராத ஜனங்களுக்கு, ஒன்றைப் பிடித்து இழுத்துப் போடுவது எப்படி என்று பழக்கியது அந்தச் சீட்டுக்கட்டுதான். 1992ல் விண்டோஸ் 3.1 உடன் மைன்ஸ்வீப்பர் வந்தது. வலது பட்டன், இடது பட்டன் வித்தியாசம் அதில் பழகிவிடும். 2012ல் வந்த விண்டோஸ் 8ல் இவற்றைத் தூக்கிவிட்டார்கள். இப்போது சாலிடேர் வேண்டுமென்றால் நடுநடுவே விளம்பரம் பார்க்க வேண்டும், விளம்பரம் வேண்டாமென்றால் சந்தா கட்ட வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஞாபக விளையாட்டு ஆடினால் ஞாபக சக்தி வளருமா?

அந்த விளையாட்டில் வளரும். சந்தேகமே இல்லை. 1980ல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனை பற்றி எழுதினார்கள். சாதாரணக் கல்லூரி மாணவர் ஒருவர். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள், அவர் அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் நம்மைப் போல ஏழு எண்கள் வரை சொன்னார். இருபது மாதத்தில் சுமார் 230 மணி நேரம் பயிற்சி செய்தார். கடைசியில் 79 எண்கள் வரை திருப்பிச் சொன்னார்! பிரமிப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தபோது ஆறு எழுத்தோடு நின்றுவிட்டார். காரணம், அவர் ஓட்டப்பந்தய வீரர். 3, 4, 9, 2 என்று கேட்டால் அதை மூன்று நிமிடம் நாற்பத்தொன்பது புள்ளி இரண்டு விநாடி என்று ஒரு ஓட்ட நேரமாக மாற்றி வைத்துக்கொள்வார். எழுத்தை அப்படி மாற்ற முடியாது. அவர் வளர்த்துக்கொண்டது ஞாபக சக்தி அல்ல, எண்களைப் பிடிக்க ஒரு கொக்கி.

இன்னொரு கதை. 2007ல் ஜப்பானில் அயுமு என்ற சிம்பன்சிக் குட்டி உலகப் புகழ் பெற்றது. தொடுதிரையில் எண்கள் ஒரு நொடிக்கும் குறைவாகத் தெரிந்து மறையும். அயுமு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக அந்த இடங்களைத் தொட்டுவிடும். கல்லூரி மாணவர்கள் அதனிடம் தோற்றார்கள். மனிதனை விடக் குரங்குக்கு ஞாபகம் அதிகம் என்று எல்லா டிவியிலும் காட்டினார்கள். பிறகு வேறு ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். அயுமு அந்த ஆட்டத்தை ஆயிரக்கணக்கான முறை ஆடியிருந்தது. மாணவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மனிதர்களுக்கும் போதிய பழக்கம் கொடுத்ததும் அவர்களும் அதே அளவு செய்தார்கள். ஆக, அதிகமாக ஆடியவர் ஜெயித்தார் :-)

2010ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இன்னும் நேரடியானது. பிபிசியோடு சேர்ந்து ஏட்ரியன் ஓவன் குழுவினர் செய்தது. 11,430 பேர், ஆறு வாரம், கம்ப்யூட்டரில் மூளைப் பயிற்சி விளையாட்டுகள். ஆடிய ஆட்டத்தில் எல்லோரும் தேறினார்கள். ஆடாத வேறு சோதனைகளுக்கு, அதுவும் கிட்டத்தட்ட அதே மாதிரி இருந்த சோதனைகளுக்குக் கூட, அந்தத் தேர்ச்சி போய்ச் சேரவில்லை.

நேர்மையாக ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 1998ல் தொடங்கி, 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் 'வேகப் பயிற்சி' பெற்றவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்தது என்று 2017ல் ஒரு அலசல் வெளியானது. வேகப் பயிற்சி என்றால், திரையின் நடுவில் ஒன்றையும் ஓரத்தில் இன்னொன்றையும் ஒரே கணத்தில் கவனிப்பது. ஆனால் அதே ஆய்வில் ஞாபகப் பயிற்சி பெற்ற குழுவுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே தாத்தாவுக்கு ஜோடிச் சீட்டு ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இதை வியாபாரமாகச் செய்தவர்களுக்கு என்ன ஆனது? லூமோசிட்டி என்ற மூளைப் பயிற்சித் தளத்தை நடத்திய லூமோஸ் லேப்ஸ், பள்ளியில் நன்றாகப் படிக்கலாம், வயதான மறதியைத் தள்ளிப்போடலாம் என்றெல்லாம் விளம்பரம் செய்தது. ஆதாரம் இல்லாமல் சொல்கிறீர்கள் என்று அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் பிடித்தது. 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள்.

அமெரிக்காக்காரன் பிடித்தான். இங்கே யார் பிடிப்பது? இரண்டாவது கட்சிக்குக் காசு அதிகம் என்று சொன்னேனே, அது இதுதான். 'மெமரி பவர்' என்று நோட்டீஸ் ஒட்டாத கரண்ட் கம்பம் நம்ம ஊரில் குறைவு. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. பையனை அப்படி ஒரு வகுப்பில் சேர்க்கத் தன் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தார். அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் படச் சீட்டு ஜோடி சேர்க்கும் விளையாட்டு! லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் ஜிகாம்ப்ரிஸ் தொகுப்பில் அதே மாதிரி ஆட்டம் விதவிதமாக இருக்கிறது. பையன் அந்த ஆட்டத்தில் சூரப்புலி ஆகிவிட்டான். வாய்ப்பாடு மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. அக்காவோ "இன்னும் ரெண்டு லெவல் இருக்காம் தம்பி" என்று அடுத்த மாதத்துக்குக் காசு சேர்க்கிறார். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இதைவிட மோசம் 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்'. கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளை புத்தகம் படிக்கும் என்பார்கள். நடுமூளை எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, அதைப் புதிதாக முடுக்கிவிட ஒன்றும் இல்லை. கண்கட்டுக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் ரகசியம் என்று மங்களூர் நரேந்திர நாயக் போன்ற பகுத்தறிவாளர்கள் மேடையிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். இதில் பாவம் குழந்தைதான். எட்டு வயதில் அப்பா அம்மாவுக்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறது.

அப்படியானால் பழைய காலத்துக் கவனகம்? செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில் நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் கவனித்து சதாவதானி என்று பேர் வாங்கினாரே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கத் தமிழில் ஊறியவர். செய்யுளும் இலக்கணமும் அவருக்குக் கொக்கிகள். முதுகில் விழும் கல்லை எண்ணிக்கொண்டே வெண்பாவின் அடியை முடிக்கிறார் என்றால், வெண்பா அவருக்கு மூச்சு மாதிரி. தமிழ் படிக்காமல் கவனகம் வராது. ஓட்ட நேரங்கள் தெரியாமல் அந்த மாணவருக்கு 79 எண்கள் வந்திருக்காது. இரண்டும் ஒன்றுதான்.

சரி, மூளை வளராது என்றால் முதல் கட்சி ஜெயித்ததா? இல்லை. கேரம் ஆடினால் என்ன வளர்கிறது என்று யாராவது கேட்கிறார்களா? ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு வைத்துக்கொண்டு கோயில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் போய் இது எந்தப் பரீட்சைக்கு உதவும் என்று கேட்டுப் பாருங்கள். ஆடும் நேரம் நல்ல நேரமாக இருந்தால் போதாதா?

அதோடு நல்ல புதிரில் ஒரு சுவை இருக்கிறது. மைன்ஸ்வீப்பரில் நேரான சுவரை ஒட்டி 1, 2, 1 என்று வந்தால், இரண்டு ஒன்றுகளுக்கும் நேரே வெடி, நடு இரண்டுக்கு நேரே வெடி இல்லை. இதை யாரும் சொல்லாமல் நாமே கண்டுபிடிக்கிற நாள் இருக்கிறதே, அது தனி சந்தோஷம். எது தெரிந்து செய்வது, எது குருட்டாம்போக்கில் செய்வது என்ற வித்தியாசம் அந்தக் கட்டங்களில் பளிச்சென்று தெரியும். எவ்வளவு யோசித்தாலும் பாதிக்குப் பாதி என்று நிற்கும் இடமும் வரும். 2000ல் ரிச்சர்ட் கே என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர், மைன்ஸ்வீப்பர் பலகை ஒன்று முரணில்லாமல் இருக்கிறதா என்று சொல்வது, கணினியியலின் தீராத கடினக் கணக்குகளோடு ஒரே வரிசையில் உட்காரும் கணக்கு என்று நிரூபித்தார். அப்பா திட்டும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். பலன் இருக்காது, ஆனாலும் சொல்லிப் பாருங்கள் ;-)

பழைய விண்டோஸின் ஃப்ரீசெல்லில் 1 முதல் 32,000 வரை எண் போட்ட ஆட்டங்கள். 1994ல் இணையத்தில் ஆட்களைச் சேர்த்து எல்லாவற்றையும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து ஆடித் தீர்த்தார்கள். ஒன்றே ஒன்று மட்டும் யாருக்கும் மசியவில்லை: 11982. பிறகு கம்ப்யூட்டர் நிரல்களை விட்டுத் தேடியபோதும் அதற்குத் தீர்வு கிடைக்கவில்லை.

இந்த ஆட்டங்களிடம் எனக்குப் பிடித்த இன்னொன்று, அவை முடியும். ஜெயித்தாய் அல்லது தோற்றாய், மூடிவிட்டுச் சாப்பிடப் போ. இன்றைய மொபைல் புதிர்களில் உயிர் தீர்ந்துவிட்டது, அரை மணி காத்திரு, இல்லை காசு கட்டு, நாளைக்கு வரவில்லையென்றால் உன் தொடர்ச்சி அறுந்துவிடும் என்று மிரட்டல். அதே சீட்டுக்கட்டைப் பணம் வைத்து ஆட விட்டதில் தமிழ்நாட்டில் எத்தனை குடும்பம் அழிந்தது என்று நமக்குத் தெரியும். 2022ல் சட்டசபையில் மசோதா, கவர்னர் திருப்பி அனுப்பியது, 2023ல் சட்டம், அப்புறம் ரம்மி திறமை விளையாட்டு என்று ஹைகோர்ட் தீர்ப்பு, கடைசியில் 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை விதித்து நாடாளுமன்றமே சட்டம் போட்டது. "கம்ப்யூட்டர் கேம்" என்று இதையும் பாட்டியின் சாலிடேரையும் ஒரே மூட்டையில் கட்டுவது நியாயமில்லை.

எங்கள் காம்பவுண்டில் தெலுங்கு பேசும் வீடு இரண்டு, கன்னடம் பேசும் வீடு ஒன்று. அத்திப்பள்ளி பார்டர் பக்கத்தில் இருக்கும் ஊர் இப்படித்தானே இருக்கும். அண்ணனின் அந்தப் பழைய லேப்டாப்பில் ஜோடி சேர்க்கும் ஆட்டத்தைப் போட்டால் மூன்று மொழிப் பிள்ளைகளும் ஒரே திரையில் தலையை நுழைக்கும். யானைப் படம் வந்தால் "யானை", "ஏனுகு", "ஆனே" என்று ஒரே நேரத்தில் கத்தும். இதற்கு ஃபீஸ் கிடையாது, லெவல் கிடையாது.

அந்த அக்காவிடம் அடுத்த மாதக் காசைக் கட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றார். பையனை ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அரை மணி வாய்ப்பாடு, அரை மணி 'லைட்ஸ் ஆஃப்'. ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் விளக்குகள். ஒன்றை அமுக்கினால் அதுவும் மேலே, கீழே, பக்கத்தில் இருப்பவையும் மாறும். எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். ஒரே பட்டனை இரண்டு தடவை அமுக்கினால் அமுக்காத மாதிரிதான், எந்த வரிசையில் அமுக்கினாலும் முடிவு ஒன்றுதான். ஆட ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு வழி: முதல் வரிசையில் எரியும் ஒவ்வொரு விளக்குக்கும் நேர் கீழே இருப்பதை அமுக்கிக்கொண்டே இறங்குங்கள். கடைசி வரிசையில் மட்டும் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தைப் பார்த்து மேல் வரிசையில் எதை அமுக்கிவிட்டு மறுபடி இறங்க வேண்டும் என்பதை நான் சொல்லப் போவதில்லை.