ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி யாருக்கு?

ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைபாடு உள்ள பிள்ளை படிக்க வேண்டுமானால் ஊசி விழுந்தாலும் கேட்கிற அமைதி வேண்டும் என்று வீடும் பள்ளியும் ஒன்றுபோல நம்புகின்றன. கதவைச் சாத்தி, பாட்டை நிறுத்தி, சுவரைப் பார்த்து உட்கார வைக்கிறோம். சற்று நேரத்தில் பிள்ளை பென்சிலை உருட்டுகிறது, நாற்காலியை ஆட்டுகிறது. "இவ்வளவு அமைதியிலும் படிக்காவிட்டால் வேறு எங்கேதான் படிப்பாய்?" என்று திட்டு விழுகிறது. அந்த அமைதியே தடையாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

ஸ்வீடன் ஆய்வாளர் யோரான் சோடர்லுண்டும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்தது. சிறு கட்டளை வாக்கியங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பிறகு நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னார்கள். நிலையம் கிடைக்காத ரேடியோவின் இரைச்சலைப் போன்ற சீரான 'வெள்ளை இரைச்சல்' பின்னணியில் ஒலித்தபோது, கவனக்குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கூடுதலாக நினைவில் நின்றது. மற்றப் பிள்ளைகளுக்கோ குறைந்தது. டோபமின் என்னும் மூளை வேதிப்பொருளின் குறைவால் மந்தமாக இருக்கும் மூளைக்கு வெளியிலிருந்து வரும் சீரான இரைச்சல் தூண்டுதல் தருகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். விளக்கத்தில் இன்னும் விவாதம் உண்டு. ஆனால் அமெரிக்க ஆய்வாளர் ஜோயல் நிக் குழுவினர் 13 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2024இல் வெளியிட்ட முடிவும் இதே பக்கம்தான் நிற்கிறது. பலன் சிறியது, ஆனால் உண்டு. குறைபாடு இல்லாதவர்களுக்கு அதே இரைச்சல் இடைஞ்சல்.

அப்படியானால் டிவி ஓடட்டும் என்று கிளம்புகிறவர்களையும் இங்கேயே நிறுத்த வேண்டியிருக்கிறது. சீரான இரைச்சல் வேறு, பேச்சு வேறு. பேச்சில் பொருள் இருக்கிறது. காது வேண்டாமென்றாலும் மனம் அதன் பின்னால் போகும். தொடர் நாடக வசனத்துக்கு நடுவே எந்தப் பிள்ளை பெருக்கல் கணக்குப் போடும்? விட்டு விட்டு வரும் பேரொலியும் கேடுதான். நியூயார்க்கில் உயர்த்தப்பட்ட ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியை ஆர்லைன் பிரான்சாஃப்ட் ஆராய்ந்து 1975இல் எழுதினார். பாதையோர வகுப்புகளின் பிள்ளைகள் வாசிப்பில் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியிருந்தார்கள். தண்டவாளத்திலும் வகுப்பறையிலும் ஒலியைக் குறைத்த பிறகு அந்த இடைவெளி மறைந்தது.

சீரான இரைச்சலும் மற்றப் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்பதால், நாற்பது பேர் இருக்கும் வகுப்பு முழுவதற்கும் அதைப் போடுவது அநியாயம். தேவைப்படும் பிள்ளை மட்டும் தானாகச் செய்யும் பயிற்சி நேரத்தில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ள ஆசிரியர் அனுமதிக்க வேண்டும். அதைச் சலுகை என்றோ சோம்பேறித்தனம் என்றோ பார்க்கக் கூடாது. சோடர்லுண்டு குழுவினரின் ஆய்வில் வைத்த ஒலி 80 டெசிபெல் அளவில் இருந்தது. நாள்தோறும் மணிக்கணக்கில் கேட்க அது பிள்ளையின் காதுக்கு ஆகாது. ஒலியை நன்றாகக் குறைத்து, மின்விசிறிச் சத்தம் அளவுக்கு வைத்துப் பாருங்கள். ஒரு வாரம் இரைச்சலோடு, ஒரு வாரம் இல்லாமல். எதில் பாடம் முடிகிறது என்பதை வைத்துத் தீர்மானியுங்கள். எது உதவியது என்று பிள்ளையையும் கேளுங்கள்.