அப்பாவுக்கு வீடு இருந்ததா?

"உன் அப்பாவுக்குச் சொந்த வீடு உண்டா? அம்மா பேரில் உண்டா?"

இது பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்கும் கேள்வி அல்ல. அமெரிக்காவில் சில மாகாண அரசாங்கங்கள் கேட்கும் கேள்வி. "உண்டு" என்றால் பணம் கிடையாது. "இல்லை" என்றால் பணம் கிடைக்கலாம்!

வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? கடன் கேட்டுப் போனால், சொத்து இருக்கிறவருக்குத்தான் எங்கும் முதல் நாற்காலி. இந்த ஒரு கடனில் மட்டும், சொத்து இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு முதல் இடம். அப்படி என்ன கடன் இது?

முன்பணம்

அமெரிக்காவில் பெரும்பாலோர் முழுப் பணம் கொடுத்து வீடு வாங்குவதில்லை. பாங்கி கடன் கொடுக்கும். வீடு அடமானமாக இருக்கும். 30 ஆண்டு வரையில் மாதா மாதம் கட்டி அடைப்பார்கள். ஆனால், முழு விலையையும் பாங்கி கொடுத்துவிடாது. வாங்குகிறவர் தம் கையிலிருந்தும் ஒரு பங்கு போட வேண்டும். அதுதான் முன்பணம்.

விலையில் நூற்றுக்கு 20 பங்கு போடுவது நல்லது. அதற்குக் குறைந்தால், பாங்கியின் கடனுக்குப் பாதுகாப்பாக ஓர் இன்ஷூரன்சும் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். நூற்றுக்கு மூன்றரை மட்டும் போட்டு வாங்குகிற வழியும் இருக்கிறது. ஆனால் மாதத் தவணை ஏறும்.

5 லட்சம் டாலர் விலையுள்ள ஒரு வீடு. அதில் நூற்றுக்கு 20 என்றால், ஒரு லட்சம் டாலர். சம்பளக்காரர் ஒருவர் வாடகையும் கொடுத்து, பிள்ளைகளையும் படிக்க வைத்து, ஒரு லட்சம் டாலர் எப்போது சேர்ப்பார்? அவர் சேர்த்து முடிப்பதற்குள் வீட்டு விலை ஏறிவிடும்!

இந்த இடத்தில்தான் அப்பா வருகிறார். அப்பாவுக்கு வீடு இருந்தால், அதன் பேரில் கடன் வாங்கிக் கொடுப்பார். அல்லது அவர் காலத்துக்குப் பிறகு அந்த வீடு பிள்ளைகளுக்கு வரும். வாடகை வீட்டு அப்பா ஆசீர்வாதம்தான் செய்ய முடியும்.

17 ஆயிரம் வீடுகள்

அப்பாக்களில் சிலருக்கு மட்டும் ஏன் வீடு இல்லை? சோம்பேறிகளா? இல்லை.

1930-களில் அமெரிக்க அரசாங்க நிறுவனம் ஒன்று நகரங்களுக்கெல்லாம் வரைபடம் போட்டது. கடன் கொடுத்தால் திரும்பி வராது என்று நினைத்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசியது. கறுப்பர் குடியிருந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு ஆயின. 1934-ல், வீட்டுக் கடனுக்கு அரசாங்கமே பொறுப்பு நிற்கும் திட்டம் வந்தது. அந்தப் பொறுப்பும் அவர்களுக்குப் பெரும்பாலும் மறுக்கப்பட்டது.

1947-ல் நியூயார்க் நகரத்துக்குப் பக்கத்தில் லெவிட்டவுன் என்ற புது ஊர் எழுந்தது. வயலாக இருந்த இடத்தில் ஒரே மாதிரியாக 17 ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள். 1949-ல் ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். போரில் இருந்து திரும்பிய சிப்பாய்கள் முன்பணம் ஒரு காசுகூட இல்லாமல் வாங்கினார்கள்!

ஆனால், பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. வெள்ளையரைத் தவிர வேறு யாரும் குடியிருக்கக் கூடாது. வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் இருக்கலாம். அதே போரில் சண்டை போட்ட கறுப்பு சிப்பாய்க்கு அங்கே வீடு கிடையாது.

அந்த வீடுகளின் விலை இன்று பல லட்சம் டாலர். அன்று வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதுவே முதல் ஆகிவிட்டது. வீடு விற்பதில் நிறம் பார்க்கக் கூடாது என்ற சட்டம் 1968-ல்தான் வந்தது. இப்போதும் வெள்ளையரில் நூற்றுக்கு 70-க்கும் அதிகமான குடும்பங்களுக்குச் சொந்த வீடு உண்டு. கறுப்பரில் பாதிக் குடும்பங்களுக்குக்கூட இல்லை.

ஆகவே, "உன் அப்பாவுக்கு வீடு இருந்ததா?" என்பது சரியான கேள்வி என்பதே நம் கருத்து. நிறத்தைக் கேட்டால் கோர்ட்டில் வழக்கு வரும். அப்பாவின் வீட்டைக் கேட்டால், ஏழை வெள்ளைக்காரரின் மகனுக்கும் வழி கிடைக்கிறது.

11 நாளில் காலி!

கலிபோர்னியா மாகாணம் 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் முன்பணக் கடனுக்காகச் சுமார் 30 கோடி டாலரை ஒதுக்கியது. முதலில் வந்தவருக்கு முதலில் என்று சொன்னார்கள். 11 நாளில் பணம் முழுவதும் தீர்ந்தது! யார் முதலில் வந்தார்கள்? பாங்கியும் தரகரும் தயாராக வைத்திருந்தவர்கள். இரண்டு வேலை பார்க்கிறவருக்குச் செய்தி எட்டும்போது கஜானா மூடிவிட்டது.

2024-ல் முறையை மாற்றினார்கள். வாங்குகிறவர்களில் ஒருவராவது, பெற்றோருக்கு வீடு இல்லாதவராக இருக்க வேண்டும் என்றார்கள். பெற்றோரை விட்டுப் பிரிந்து அரசாங்கப் பராமரிப்பில் வளர்ந்தவர்களும் மனுப் போடலாம். பிறகு குலுக்கல். சுமார் 18 ஆயிரம் பேர் மனுப் போட்டார்கள். பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் சீட்டு விழுந்தது.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. அப்பாவுக்கு அமெரிக்காவில் வீடு உண்டா என்பதுதான் அங்கே கணக்கு. திருநெல்வேலியில் இரண்டு கட்டு வீடு இருந்தாலும் அது சேராது. மற்ற நிபந்தனைகள் பொருந்தினால், அவர் மகனும் "வீடு இல்லாத குடும்பத்துப் பிள்ளை"தான்! லெவிட்டவுனில் நுழைய முடியாதவரின் பேரனும் இவரும் ஒரே குலுக்கலில் நிற்பது எவ்வளவு நியாயம் என்று கேட்கத் தோன்றுகிறது.

திருப்பிக் கட்டுவது எப்படி?

கடன் என்றால் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். மாகாணத்துக்கு மாகாணம் இது மாறுகிறது.

கலிபோர்னியாவின் கடனுக்கு மாத வட்டி இல்லை. அதற்குப் பதிலாக, விலை ஏற்றத்தில் அரசாங்கம் பங்கு கேட்கும். முன்பு சொன்ன 5 லட்சம் டாலர் வீட்டை எடுத்துக் கொள்ளுங்கள். அரசாங்கம் ஒரு லட்சம் கொடுத்தது. சில ஆண்டு கழித்து வீடு 7 லட்சத்துக்கு விற்கிறது. ஏற்றம் 2 லட்சம். அதில் ஐந்தில் ஒரு பங்கு 40 ஆயிரம். அசலோடு சேர்த்து 1 லட்சத்து 40 ஆயிரம் திருப்ப வேண்டும். விலை ஏறவில்லை என்றால் அசல் மட்டும். வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு இந்தப் பங்கும் குறைவு.

இதைக் கந்துவட்டி என்று சொல்ல முடியாது. இலவசம் என்றும் சொல்ல முடியாது. திரும்பி வருகிற பணம் அடுத்தவருக்குக் கடனாகப் போகும் என்பது இதன் நல்ல அம்சம்.

மின்னசோட்டா மாகாணம் வேறு வழி பிடித்தது. 2023-ல் 10 கோடி டாலர் ஒதுக்கியது. ஒருவருக்கு 32 ஆயிரம் டாலர் வரை. அந்த வீட்டிலேயே குடியிருந்தால், ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி. ஐந்து ஆண்டில் கடனே இல்லை! வாங்குகிறவருக்கு இது நல்லது. அரசாங்கத்துக்குப் போன பணம் போனதுதான்.

வாஷிங்டன் மாகாணமோ பழைய கணக்கை நேராகவே எடுத்துவிட்டது. 1968 ஏப்ரலுக்கு முன்பு அந்த மாகாணத்தில் வாழ்ந்து, வீடு வாங்க முடியாமல் தடுக்கப்பட்ட இனத்தவருக்கும், அவர்கள் சந்ததியாருக்கும்தான் கடன். சட்டம் 2023-ல் வந்தது. சொத்துப் பத்திரங்களைப் பதிவு செய்யும்போது 100 டாலர் கூடுதல் கட்டணம் வாங்கி அந்தப் பணத்தைச் சேர்க்கிறார்கள்.

நாடு முழுவதற்கும் ஒரே திட்டம் கொண்டுவரவும் பார்த்தார்கள். 2021-ல் 1,000 கோடி டாலருக்குக் கீழ்ச்சபை சம்மதித்தது. மேல்சபையில் அது நிறைவேறவில்லை. 2024 தேர்தலில் கமலா ஹாரிஸ் (தாய்வழித் தாத்தாவின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம்) முதல் வீடு வாங்குகிறவருக்கு 25 ஆயிரம் டாலர் தருவதாகச் சொன்னார். தேர்தலில் தோற்றார்.

எதிர்ப்பவர்களும் சும்மா இல்லை. வீடு பத்து, வாங்க வருகிறவர் இருபது பேர். இருபது பேர் கையிலும் பணத்தைக் கொடுத்தால் வீடு பதினொன்று ஆகுமா, விலை ஏறுமா என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. வீடு கட்டாமல் கடன் மட்டும் கொடுத்தால், பணம் வீடு விற்கிறவரின் பைக்குத்தான் போகும்.

2024-ல் கலிபோர்னியாவில் குலுக்கலில் சீட்டு விழுந்தவர்களுக்குக் கெடு 90 நாள். அதற்குள் தங்கள் விலைக்கு ஒரு வீடு தேடிப் பிடித்து, பேரம் முடித்தாக வேண்டும்.