ஸ்டீராய்டுப் பூச்சாண்டி

"ஸ்டீராய்டா? தொடவே தொடாதே, உடம்பு மொத்தமும் போயிடும்." தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் மயஸ்தீனியா கிரேவிஸ் நோய் வந்த இருபத்தைந்து வயதுப் பிள்ளையின் வீட்டில், மருந்துச் சீட்டைப் பார்த்ததும் கிளம்பும் முதல் குரல் இது. சொல்வது ஒரு சித்தப்பாவாக இருக்கும். அவருக்குச் சொன்னது வாட்ஸ்அப். கையோடு, பி12 ஊசி போட்டால் நரம்பு பலப்படும் என்று யோசனையும் வரும்.

நரம்பில் பலவீனமே இல்லை. நரம்பு அனுப்பும் அசிடைல்கோலினைத் தசையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை, பெரும்பாலோருக்கு, அவர்களுடைய நோய் எதிர்ப்பாற்றலே தாக்குகிறது. 1973இல் பேட்ரிக்கும் லிண்ட்ஸ்ட்ராமும் மின்விலாங்கிலிருந்து பிரித்த ஏற்பியை முயல்களுக்குச் செலுத்தினார்கள். அதற்கு எதிரான புரதங்கள் உருவாகி முயல்கள் துவண்டுபோயின. அரை நூற்றாண்டுக்கு முன்பே வெளிச்சமாகிவிட்ட சங்கதி. வைட்டமின் ஊசிக்கு இங்கே என்ன வேலை?

கண்ணை அசைக்கும் தசைகள் களைப்பதால், காலையில் ஒழுங்காகத் தெரிந்த சாலை, மாலையில் பைக் ஓட்டும்போது இரண்டாகிவிடும். ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகும். மெஸ்டினான் மாத்திரை அசிடைல்கோலினைச் சில மணி நேரம் சிதையாமல் காக்கும், தாக்குதலை நிறுத்தாது. தொங்கிய இமையைத் தூக்கிவிடும் அந்த மாத்திரை, இரட்டைப் பார்வையில் பலருக்குத் தோற்றுவிடுகிறது. இரு கண்களும் இம்மி பிசகாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டுமே! அந்தக் கட்டத்தில்தான் மருத்துவர், தாக்குதலையே அடக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோனை எழுதுகிறார்.

பக்கவிளைவு பொய்யல்ல. முகம் உப்பும், எடை ஏறும், சர்க்கரை கூடும், எலும்பு மெலியும். கல்யாணப் பேச்சு நடக்கும் வயதில் ஒரு பெண்ணுக்கு முகம் உப்புவது அற்பக் கவலை இல்லை. "அழகா முக்கியம்?" என்று அவளை அதட்டி அனுப்பும் மருத்துவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு, மாத்திரையை அவள் ரகசியமாக நிறுத்துவதற்கு வழிசெய்பவர்கள் அவர்கள்தான். ஆனால் இந்த விளைவுகள் அளவையும் காலத்தையும் பொறுத்தவை. தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் சிலருக்குப் பலவீனம் கூடுவதுண்டு. அதனால்தான் பல மருத்துவர்கள் சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுகிறார்கள். பார்வை சீரானதும் படிப்படியாக இறக்குகிறார்கள். நெடுநாள் தேவைப்படும் என்று தெரிந்தால், எதிர்ப்பாற்றலை அடக்கும் இன்னொரு மருந்தான அசாதியோபிரினைச் சேர்ப்பார்கள். அது பலன் தரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை தாங்கிப் பிடிப்பது ஸ்டீராய்டு.

பயந்து ஒரே நாளில் நிறுத்துவதுதான் நிஜமான ஆபத்து. மாதக்கணக்கில் மாத்திரை உண்டவரின் அட்ரீனல் சுரப்பி, தானாகக் கார்டிசால் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழலாம். நோயும் சீறி எழலாம். கண்ணில் தொடங்கும் இந்நோய் கணிசமானோருக்கு, பெரும்பாலும் இரண்டாண்டுகளுக்குள், மற்றத் தசைகளுக்கும் பரவுகிறது. விழுங்கும் தசையும் மூச்சுத் தசையும் அவற்றில் அடக்கம்.

ஸ்டீராய்டுக்கு இத்தனை நடுங்கும் வீட்டில், காய்ச்சல் வந்தால் சீட்டே இல்லாமல் மெடிக்கலில் சிப்ரோஃப்ளாக்சசினோ அசித்ரோமைசினோ வாங்கி விழுங்குகிறார்கள். இரண்டுமே மயஸ்தீனியாவை முற்றவைத்து மூச்சைத் திணறடிக்கக்கூடியவை. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளின் விவரக் குறிப்பில் இந்நோயாளிகளுக்கென்றே கட்டமிட்ட எச்சரிக்கையை 2011இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சேர்த்தது. பயப்பட வேண்டுமென்றால் இங்கே பயப்படுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள்.