8 கிலோமீட்டர் வேண்டாம், 200 மீட்டர் போதும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் பலருக்கும் மருந்துச் சீட்டோடு ஓர் அறிவுரையும் கிடைக்கிறது: "நாள்தோறும் நடந்து பழகுங்கள்." எவ்வளவு தூரம், எந்த வேகத்தில், எங்கே என்னும் மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. வீட்டு வாசலில் வண்டிகள் விரையும் சாலை. கொல்லையில் நாலு எட்டு வைக்கவும் இடமில்லை. இந்நிலையில் அறிவுரை தாளிலேயே தங்கிவிடுகிறது. தருமபுரி மாவட்டத்தாராகிய நமக்கு ஒகேனக்கல்லின் ஆற்றங்கரை இருக்கிறது. நோயிலிருந்து மீள்வோருக்கென அங்கே ஒரு சிறு நடைபாதை ஒதுக்கப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

காட்டுப் பாதைகளிலும் ஆற்றோரங்களிலும் ஓடும் பழக்கம் இளைஞரிடையே பரவி வருகிறது. அதன் பயன் மெய்யானது. மேடு பள்ளமான தரையில் ஒவ்வோர் அடியும் சற்று மாறி விழுவதால் கணுக்காலும் இடுப்புத் தசைகளும் உறுதிபெறுகின்றன. உடலின் சமநிலை கூர்மையடைகிறது. ஆனால், இளைஞருக்கு மருந்தாகும் அதே மேடு பள்ளம், எலும்பு மெலிந்த முதியவருக்கும் நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றியவருக்கும் எலும்பு முறிவாகவோ ஆறாப் புண்ணாகவோ முடியக்கூடும். காட்டின் நன்மையை அவர்களும் பெற வேண்டுமானால் தரை சமமாக இருக்க வேண்டும்.

அந்த நன்மை வெறும் கற்பனையன்று. ஜப்பானிய வனத்துறை 1982-ஆம் ஆண்டிலேயே 'வனக் குளியல்' என்னும் பெயரில் மக்களைக் காட்டுக்குள் மெல்ல நடக்க அழைத்தது. 1984-இல் ரோஜர் உல்ரிக் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவேடுகளை ஒப்பிட்டார். செங்கற்சுவரைப் பார்த்த அறையில் இருந்தவர்களைவிட, சாளரத்தின் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஒரு சிறு ஆய்வு எல்லாவற்றையும் நிறுவிவிடாது. எனினும் மரங்களின் அருகாமை நோயாளிக்கு ஓர் ஆடம்பரம் அன்று என்பதை அது உணர்த்துகிறது.

ஒகேனக்கல் நம் உடல்நலத்தோடு முன்பே உறவு பூண்ட இடம். இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதால் பற்களில் கறையும், முதுகெலும்பிலும் மூட்டுகளிலும் இறுக்கமும் பல தலைமுறைகளை வருத்தின. அதற்கு மாற்றாகவே ஜப்பானின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. நம் எலும்புகளைக் காக்கும் நீரைத் தரும் ஆறு, அவ்வெலும்புகள் நடந்து பழக ஒரு கரையையும் தர முடியும்.

காடு நமக்கு மட்டும் உரியதன்று என்பதையும் மறந்துவிடலாகாது. இப்பகுதிக் காடுகளில் காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயம் 2014-இலும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டன. யானைகளும் நீர்நாய்களும் நரை அணில்களும் வாழும் இடம் இது. ஆற்றில் முதலைகள் உண்டு. வனத்துறையின் இசைவின்றிச் சரணாலயத்துள் நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விடியற்காலையும் அந்தியும் யானைகள் நடமாடும் பொழுதுகள். ஆகவே காட்டின் உள்ளே புதுப்பாதை வெட்டுமாறு நாங்கள் கேட்கவில்லை. சுற்றுலாப் பயணிகள் ஏற்கெனவே புழங்கும் பகுதிக்குள்ளேயே இடம் ஒதுக்கினால் போதும்.

'நடப்போம் நலம் பெறுவோம்' என்னும் திட்டத்தின்கீழ் 2023 நவம்பரில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காணப்பட்டது. போற்றத்தக்க முயற்சி. எனினும் மாரடைப்புக்குப் பின் முதன்முதலாக வெளியே வருபவர் 8 கிலோமீட்டரை எண்ணிப் பார்க்கவும் அஞ்சுவார். அவருக்கு வேண்டுவன சில: 200 மீட்டர் சமதளம், நிழல், ஒருபுறம் கைப்பிடி, 50 மீட்டருக்கு ஓர் இருக்கை, கடந்த தூரத்தைக் காட்டும் பலகை, குடிநீர், கழிப்பிடம். முடிந்தவர் அதையே பலமுறை சுற்றி வரலாம். மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் சுற்றுலாத் துறையும் கலந்து பேசினால் இது பெருஞ்செலவு பிடிக்கும் பணியன்று.

இப்பாதை உடன் வருவோருக்கும் உரியது. நோயாளியின் கட்டிலருகே இரவுகளைக் கழிக்கும் மனைவியோ மகனோ தம் உடலை மறந்துவிடுகிறார்கள். வளர்ந்தோர் வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நோயாளி இருக்கையில் அமர்ந்து ஆற்றைப் பார்த்திருக்கும் கால்மணி நேரம், உடன் வந்தவர் விரைந்து நடப்பதற்குப் போதும்.

அத்தகைய பாதை அமையும் வரையிலும் ஒகேனக்கல் செல்வோர் சிலவற்றைக் கருத்திற் கொள்க. எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதை மருத்துவரிடம் மீட்டர் கணக்கில் கேட்டறியுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சுக்கே மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி. மார்பில் வலியோ இறுக்கமோ தலைசுற்றலோ தோன்றினால் அங்கேயே அமர்ந்து உதவி கோருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் பாறையில் வெறுங்காலோடு நடத்தல் கூடாது. சர்க்கரை தாழ்ந்தால் உண்பதற்கு இனிப்பைக் கையில் வைத்திருங்கள். பாசி படிந்த பாறைகளை எல்லாரும் தவிர்க்க வேண்டும். கர்நாடக அணைகளிலிருந்து நீர் திறக்கப்படும் நாள்களில் ஆற்றின் போக்கு விரைவில் மாறும். பிலிகுண்டுலுவில் நீர்வரத்து உயர்ந்தது என்னும் செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளி வையுங்கள்.

இக்கோரிக்கை எங்களுடையதாக மட்டும் நின்றால் வலுப்பெறாது. உங்கள் ஊர்க் கிராம சபையிலும் ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் இதை எழுதிக் கொடுங்கள். உங்கள் வீட்டு நோயாளிக்கு எத்தனை மீட்டர் பாதை வேண்டும், எத்தனை அடிக்கு ஓர் இருக்கை வேண்டும் என்பதை அம்மனுவில் குறிப்பிடுங்கள். அந்த அளவை உங்களைவிட நன்றாக அறிந்தவர் வேறெவரும் இலர்.