ஆட்டத்துக்குச் சொந்தக்காரன்

நமது சிறுபத்திரிகைக்காரர்களுக்கு விளையாட்டு என்றாலே ஒரு முகச்சுளிப்பு. கிரிக்கெட்டைப் போனால் போகிறதென்று மன்னித்துவிடுவார்கள். வீடியோ விளையாட்டு என்றால் 'நுகர்வுக் கலாச்சாரத்தின் நசிவு' என்ற முத்திரை தயாராக இருக்கிறது. முத்திரை குத்துவது என் பிழைப்பு; பகல் முழுவதும் வங்கிக் கவுண்டரில் அதைத்தான் செய்கிறேன். படிக்காத சீட்டில் குத்தக்கூடாது என்பது அங்கே முதல் பாடம்.

2022 அக்டோபர் கடைசியில் சிங்கப்பூரில் அக்கா வீட்டில் இருந்தேன். 29, 30 தேதிகளில், கென்சோ டாங்கே வடிவமைத்த அந்த ஊர் உள்ளரங்கில், 'டோட்டா 2' என்ற கணினி விளையாட்டின் உலகப் போட்டியான 'தி இண்டர்நேஷனல்' இறுதிக் கட்டத்துக்கு வந்திருந்தது. அக்கா மகன் டிக்கெட் வாங்கி வைத்திருந்தான். "வந்து பாருங்க மாமா, அப்புறம் திட்டுங்க" என்றான். நியாயமான கோரிக்கை. நம் விமர்சகர்களிடம் கவிஞர்கள் வெகுகாலமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அணிக்கு ஐந்து பேர். நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திரங்களில் ஆளுக்கொன்றைத் தேர்ந்தெடுத்து, எதிராளிக்குக் கிடைக்கக்கூடாதவற்றை விலக்கி — ஆட்டம் தொடங்குமுன்பே பாதி யுத்தம் முடிந்துவிடுகிறது. பிறகு எதிரியின் மூலக் கட்டடத்தை இடிக்க வேண்டும். வீரர்கள் ஒலி புகாத கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். காரணம் அழகானது. ஒவ்வொரு அணிக்கும் தன் ஆட்களின் பார்வை எட்டுகிற தூரம் மட்டுமே தெரியும், மீதி இருட்டு. கூட்டத்துக்கோ இரண்டு பக்கமும் தெரிகிறது. மரங்களுக்கு நடுவே ஒருவன் பதுங்கியிருக்கிறான், மற்றவன் நடந்து வருகிறான்; அரங்கில் அத்தனை பேருக்கும் தெரிந்தது நடந்து வருகிறவனுக்குத் தெரியாது. அவர்களுடைய கூச்சல் அவன் காதில் விழுந்தால் நாடகம் போயிற்று. மடுவுக்குள் துரியோதனன் ஒளிந்திருப்பது கூத்துப் பார்க்கிற ஊர் முழுவதும் அறிந்த விஷயம், தேடுகிற பீமனைத் தவிர. அதே பதைப்பை நான் காலாங்கில் உணர்ந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. வெட்கப்பட வைத்தது சுற்றியிருந்தவர்களின் ரசனை. ஒருவன் பாய வேண்டிய தருணத்தில் பாயாமல் நின்றான். செய்யாத அந்தக் காரியத்துக்காக அரங்கம் ஆர்ப்பரித்தது. சொல்லாமல் விட்டதைப் பாராட்டத் தெரிந்த ஐம்பது வாசகர்கள் தமிழ்க் கவிதைக்கு இருக்கிறார்களா?

இறுதி ஆட்டத்தில் டண்ட்ரா அணி சீக்ரெட் அணியை 3–0 என்று வென்றது. தோற்ற அணியின் தலைவர் 'பப்பி', எஸ்தோனியக்காரர், 2011இல் கொலோனில் நடந்த முதல் போட்டியை வென்ற அணியில் இருந்தவர். வயது 32. "கிழவர் நல்லா ஆடினாரு" என்றான் மருமகன். நான் பேசாமல் இருந்தேன்.

ஆக, நசிவு என்பது சோம்பேறிகளின் கண்டுபிடிப்பு. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. சதுரங்கத்துக்குச் சொந்தக்காரன் கிடையாது. கபடிக்கும் கிடையாது. டோட்டாவுக்கு உண்டு: வால்வ் என்ற அமெரிக்கக் கம்பெனி. விதிகளை மாற்றுவதும் அவர்களே. வருஷக்கணக்காகப் பழகிய பாத்திரத்தின் வலு ஒருநாள் காலையில் குறைந்திருக்கும். அடுத்த மாதம் முதல் ழகரத்தின் பலம் குறைக்கப்படுகிறது என்று ஒரு கம்பெனி அறிவித்தால் நாம் கவிதை எழுதுவது எப்படி? மாறாவிட்டால் ஆட்டம் சலித்துவிடும் என்கிறான் பையன். இருக்கலாம். சதுரங்கமும் மாறித்தான் வந்திருக்கிறது, ஆனால் ஆடியவர்கள் கையில்.

இதை முதலில் உண்டாக்கியதும் கம்பெனி அல்ல. பிளிசார்டின் 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டின் மேல் 2003இல் ஆர்வலர்கள் தங்கள் ஆசைக்குக் கட்டிய ஒட்டுத் திண்ணை அது. திண்ணைக்குக் கூட்டம் சேர்ந்தபின் பெயர் யாருக்கு என்று இரண்டு கம்பெனிகள் மோதி, 2012இல் சமரசம் செய்துகொண்டன. வணிக உரிமை வால்வுக்குப் போனது. கைக்காசு போட்டுப் பத்திரிகை நடத்தி, தான் உருவாக்கிய நடையைப் பின்னால் வாரப் பத்திரிகையில் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

பரிசுப் பணத்துக்கு வருவோம். இது என் துறை. அந்த ஆண்டு மொத்தப் பரிசு சுமார் 1 கோடியே 89 லட்சம் டாலர். கம்பெனி போட்டது 16 லட்சம். மற்றதெல்லாம் ரசிகர்கள் பாத்திரங்களுக்கான அலங்காரங்கள் முதலியவற்றை வாங்கக் கொடுத்த பணத்தில் கால் பங்கு. கால் பங்கே 1 கோடியே 73 லட்சம் என்றால் கம்பெனிக்கு நின்ற முக்கால் பங்கு 5 கோடியே 19 லட்சம். இதில் வள்ளன்மை எங்கே இருக்கிறது? 2021இல் 4 கோடியைத் தொட்ட பரிசு, 2023இல் கம்பெனி அந்த விற்பனை முறையைக் கைவிட்டதும் 30 லட்சம் சொச்சத்துக்கு விழுந்தது. ஆட்டத்தின் தரம் பத்தில் ஒரு பங்காகிவிட்டதா என்ன? உடைமையாளன் மனம் மாறியது, அவ்வளவுதான். நம் ஒழுக்கவாதிகளோ இன்னமும் பையன்களின் கண் கெடுவதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள்.

இறுதி ஆட்டம் முடிந்து ரயிலில் திரும்பும்போது மருமகன் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. "அந்தப் பரிசில என் காசும் இருக்கு மாமா" என்றான். எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டேன். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னான். அதை நாலால் வகுத்துக்கொண்டே வந்தேன். இறங்க வேண்டிய நிலையம் தாண்டிப் போய்விட்டது.