மூடியை ஒட்டிவிடாதீர்கள்!

கித்தார் வாங்க வசதியில்லாத அமெரிக்க ஏழைகள் 19ஆம் நூற்றாண்டில் காலிச் சுருட்டுப் பெட்டியில் கழி செருகி, கம்பி கட்டி வாசித்தார்கள். அதைச் செய்யும் தம்பிமாரே, மூடிக்குக் கோந்து வேண்டாம். உள்ளே ஒலிவாங்கியின் ஒயர் அறுந்தால், பல நாள் உழைப்பை உடைத்தல்லவா திறக்க வேண்டும்? ஆணி அடித்தால் மெல்லிய பலகை பிளக்கும். ரப்பர் வளையம் நம் பால்மரத்துச் சரக்குதான். ஆனால் ஒலியை அமுக்கிவிடும்.

உள்மூலை நான்கிலும் விரல் தடிமன் கட்டைகளை விளிம்புக்குச் சமமாக ஒட்டி, ஓரிரவு காயவிடுங்கள். மூடியில் திருகாணி தாராளமாக நுழையத் துளையிடுங்கள். கட்டையில் அதைவிடச் சிறிய துளை போதும். சிறு பித்தளைத் திருகாணிக்கு மெழுகு தடவி, அளவோடு முடுக்குங்கள். பிறகும் மூடி அதிர்ந்து இரைந்தால் விளிம்பில் மெல்லிய துணிநாடா ஒட்டுங்கள். திறக்குமுன் கம்பிகளைத் தளர்த்த மறவாதீர். குதிரை நிற்பது மூடியின் மேல்தான்.