ஆப்பிளுக்கு ஏன் இந்த மரியாதை?

ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்கப் போனாலும் கையில் ஒரு கிலோ ஆப்பிள். கொய்யாவோடு போனால் கஞ்சன் என்பார்கள். நானே அந்தப் பேர் வாங்கியவன்தான்.

100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி 5 மில்லிகிராம் தேறினால் அதிகம். அதே எடைக் கொய்யாவில் 200க்கு மேல். நார்ச்சத்தும் இரண்டு மடங்கு. சர்க்கரை? ஆப்பிளில் சுமார் 10 கிராம், கொய்யாவில் 9. விலையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

ஆப்பிள் கெட்டது என்று சொல்லவில்லை. தோலோடு கடித்துத் தின்றால் நல்ல பழம். ஆனால் என் அக்காவுக்குச் சர்க்கரை வந்ததும் வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? கொல்லையில் காய்த்த கொய்யாவை "இனிப்பு, வேண்டாம்" என்று அணிலுக்கு விட்டுவிட்டார்கள். தினமும் மூன்று ஆப்பிளை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, டம்ளரில் கொடுத்தார்கள்.

"சீனியே போடலை மாமா" என்றாள் அக்காவின் மருமகள்.

சீனி வேறு எதற்கு? மூன்று பழத்தில் கிட்டத்தட்ட 45 கிராம் சர்க்கரை இருக்கிறது. நார்ச்சத்தைச் சக்கையோடு கொட்டிவிட்டு அதை ஒரே மடக்கில் குடித்தால், ரத்தத்தில் விறுவிறுவென்று ஏறாதா? மூன்று ஆப்பிளை ஒரே நேரத்தில் கடித்துத் தின்ன யாரால் முடியும்? அக்காவுக்குப் பல் செட் வேறு. கடிக்க முடியவில்லை என்றால் பப்பாளி இல்லையா? அதுவும் கொல்லையில் நிற்கிறதே!

போன வாரம் நன்றாகக் கனிந்த கொய்யாவில் பாதியைப் பிட்டுக் கொடுத்தேன். விதையைத் துப்பிக்கொண்டே கேட்டாள்: "நம்ம மரத்துப் பழமாடா?"